சிலாங்கூருக்குள் ஒரு தீவு, டெங்கிலுக்குள் ஒரு தீவு



எல்லைகளைப் பற்றிப் பேசச் சொல்லி இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தார்கள். உலகத்து எல்லைகளைப் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள். டெங்கிலில் நின்றுகொண்டு பேசும்போது, இங்கிருந்து காரில் சில நிமிடங்களில் நாம் கடந்துவிடும் எல்லையை விட்டுவிட்டு வேறொன்றைப் பேச எனக்கு மனம் வரவில்லை. மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவின் எல்லையைச் சொல்கிறேன்.

சிலாங்கூரின் வரைபடத்தைப் பார்த்தால் அதன் நடுவே இரண்டு இடங்கள் வேறு நிறத்தில் இருக்கும். ஒன்று கோலாலம்பூர், 243 சதுர கிலோமீட்டர். 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசம் ஆனது. மற்றொன்று புத்ராஜெயா, ஏறத்தாழ 49 சதுர கிலோமீட்டர். 2001 பிப்ரவரி 1-ஆம் தேதி பிரிந்தது. இரண்டுக்கும் நாலாபக்கமும் சிலாங்கூர்தான். புத்ராஜெயாவிலிருந்து எந்தத் திசையில் வெளியேறினாலும் சிலாங்கூருக்குள்தான் வந்து சேர்வோம்.

டெங்கில்காரர்களுக்கு இந்தக் கோடு அன்றாடப் பழக்கம். இந்தப் பக்கத்து வண்டியின் எண் 'பி' என்ற எழுத்தில் தொடங்கும், அந்தப் பக்கத்து வண்டிக்கு இப்போது 'எஃப்' எழுத்து. இங்கே குப்பை அள்ளுவது மாநில அரசின் நிறுவனம், அங்கே வேறொரு நிறுவனம். சுல்தான் பிறந்தநாளுக்கு டிசம்பர் 11-இல் நமக்கு விடுமுறை, அங்கே அலுவலகம் திறந்திருக்கும். பிப்ரவரி 1-இல் அவர்களுக்கு விடுமுறை, நாம் வேலைக்குப் போவோம். தண்ணீர்க் குழாய் மட்டும் கோட்டைப் பார்ப்பதில்லை. சிலாங்கூரின் நீர் நிறுவனம்தான் இரண்டு பக்கமும் தண்ணீர் கொடுக்கிறது.

இவையெல்லாம் மேலோட்டமான வேறுபாடுகள். ஓட்டுச் சாவடியிலும் நில அலுவலகத்திலும்தான் இந்தக் கோட்டின் கனம் தெரியும். டெங்கிலில் இருப்பவர் நாடாளுமன்றத்துக்கு ஓர் ஓட்டும் சட்டமன்றத்துக்கு ஓர் ஓட்டும் போடுகிறார். புத்ராஜெயாவில் இருப்பவருக்கு நாடாளுமன்ற ஓட்டு மட்டும்தான். அங்கே சட்டமன்றம் இல்லை, மந்திரி பெசார் இல்லை. நிலத்தைப் பாருங்கள். நம் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். புத்ராஜெயா நிலம் கூட்டரசு அரசாங்கத்தின் கையில், டெங்கில் நிலம் சிலாங்கூர் அரசாங்கத்தின் கையில். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் அதைச் சுற்றித்தான் வரப்போகிறது.

ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற வேண்டுமானால் அரசமைப்பின் 2-ஆவது விதி இரண்டு சம்மதங்களைக் கேட்கிறது. அந்த மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றிச் சம்மதிக்க வேண்டும், ஆட்சியாளர்கள் மாநாடும் சம்மதிக்க வேண்டும். நல்ல பாதுகாப்பு. ஒரு சுல்தானின் மண்ணை அவர் மாநிலத்தைக் கேட்காமல் யாரும் எடுத்துவிட முடியாது. கோலாலம்பூரைக் கொடுத்தபோது மறைந்த சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் ஷா கண்கலங்கியதாக இன்றும் சொல்வார்கள். அந்தப் பிரிவின் நினைவாகக் கூட்டரசு நெடுஞ்சாலையின் குறுக்கே கட்டப்பட்டதுதான் 1982-இல் திறக்கப்பட்ட கோத்தா டாருல் ஏசான் வளைவு. அந்தச் சாலையில் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே போகும் எல்லாரும் அதன் கீழேதான் போகிறோம். மண் கைமாறியதற்கு அப்படி ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்த மண்ணில் குடியிருந்தவர்களின் சம்மதத்தைப் பற்றி 2-ஆவது விதியில் எதுவும் இல்லை.

புத்ராஜெயாவாக மாறிய மண்ணில் யார் குடியிருந்தார்கள்?

முதல் உலகப் போர் முடிந்தபின் பிரிட்டிஷ் படை அதிகாரிகளாக இருந்தவர்கள் சிலர் இங்கே வந்து ரப்பர் தோட்டம் திறந்தார்கள். ஆயர் ஈத்தாம் என்று வழங்கிய பகுதியில் 1921-இல் பிராங் பெசார் தோட்டம் உருவானது. மலாயில் 'பெரும் போர்' என்று பொருள், அவர்கள் முடித்துவிட்டு வந்த போரின் பெயர். தொடக்கத்தில் சுமார் 800 ஏக்கர். பிறகு அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் சேர்ந்து 8,000 ஏக்கர் அளவுக்கு வளர்ந்தது. அந்த 8,000 ஏக்கரிலும் காடு வெட்டி, வாய்க்கால் தோண்டி, கன்று நட்டு, அதிகாலை இருட்டில் பெரட்டு என்ற ஆளெண்ணும் வரிசையில் நின்று, உளியும் வாளியுமாக நிரைக்குள் போனவர்கள் பெரும்பாலும் நம் தமிழ் மக்கள்.

பிராங் பெசார் சாதாரணத் தோட்டம் இல்லை. ரப்பர் உலகத்துக்கே கன்று கொடுத்த தோட்டம். பி.பி. 86, பி.பி. 217, பி.பி. 260 என்று ரப்பர் ரகங்களைச் சொல்வார்கள். அந்த 'பி.பி.' என்பது பிராங் பெசார்தான். பி.பி. 86 இலங்கையின் தோட்டங்களை நிரப்பியது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதை நட்ட விவசாயிகள் உண்டு. பி.பி. 260 இன்றும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. டெங்கிலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து நாற்றங்காலில் தேர்ந்தெடுத்த மொட்டு உலகம் சுற்றியிருக்கிறது.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஏனென்றால் புத்தகங்களில் ஆராய்ச்சியாளர்களின் பெயர் இருக்கும், கை வேலை செய்தவர்களின் பெயர் இருக்காது. விதையிலிருந்து முளைத்த கன்று விரல் தடிமனுக்கு வந்ததும், தரைக்குச் சற்று மேலே பட்டையில் இரண்டு நேர்க்கோடுகள் கீறுவார்கள். பால் வடிந்து நிற்கும். அதைத் துடைத்துவிட்டு, பட்டையை நாக்கு மாதிரி மெல்ல உரிப்பார்கள். நல்ல மரத்தின் மொட்டுக் கம்பிலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு செதுக்கி எடுப்பார்கள். அதன் உட்புறத்தில் கைபடக் கூடாது, மண்படக் கூடாது, வெயில் படக் கூடாது. உரித்த நாக்குக்கு அடியில் அதைச் செருகி, இறுக்கிச் சுற்றிக் கட்ட வேண்டும். தளர்வாகக் கட்டினால் மழை நீர் இறங்கி அழுகிவிடும். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து, நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் ஒட்டிக்கொண்டது. பழுப்பு என்றால் மறுபடியும் கட்ட வேண்டும். ஒட்டிக்கொண்ட கன்றின் தலையை வெட்டிவிட்டால், வேர் ஒரு மரத்தினுடையது, மேலே வளர்வது இன்னொரு மரம். இதுதான் ஒட்டுக் கட்டும் வேலை. அதற்கு மெல்லிய கத்தியும் நடுங்காத விரலும் வேண்டும், குனிந்தே நாள் முழுக்க நிற்கும் இடுப்பும் வேண்டும். கட்டிய கன்று பால் வெட்டுக்கு வர ஆறேழு வருடம் ஆகும். அந்த வருடங்கள் முழுவதும் புல்லை ஒதுக்கி, உரம் போட்டு, பக்கக் கிளையைக் கிள்ளிக் காத்ததும் தோட்டத்துச் சனம்தான்.

இந்த மரத்துக்கு உலகம் முழுவதும் ஊர்ப்பெயர் நிலைத்துவிட்டது. ஒட்டுக் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஊரில் ஒரு முகவரிகூட மிஞ்சவில்லை.

1993 ஜூனில் அமைச்சரவை பிராங் பெசாரைப் புதிய நிர்வாகத் தலைநகருக்கான இடமாகத் தேர்ந்தெடுத்தது. 1995 ஆகஸ்டில் கட்டுமானம் தொடங்கியது. அடுத்த ஆண்டு புத்ராஜெயா நிர்வாகக் கழகம் வந்தது. 1999-இல் பிரதமர் அலுவலகம் கோலாலம்பூரிலிருந்து இடம்மாறியது. இதே ஆண்டுகளில்தான் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் எழுந்து 1998 ஜூனில் திறக்கப்பட்டது, சைபர்ஜெயாவும் தோட்டத்து மண்ணில் எழுந்தது. ஒரு பத்தாண்டுக்குள் லங்காட் ஆற்றங்கரைத் தோட்டங்களின் முகமே மாறிவிட்டது. புதிய தலைநகரம் வேண்டும் என்று முடிவெடுத்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. கோலாலம்பூரின் நெரிசல் உண்மை, ஏரியும் மரமுமாகத் திட்டமிட்டுக் கட்டிய நகரம் என்ற பெருமையும் உண்மை. அந்தத் திட்டத்தில் வேலைக்காட்டு மக்களுக்கு என்ன இடம் கொடுக்கப்பட்டது என்பதே என் கேள்வி.

சட்டம் அவர்களை எப்படிப் பார்த்தது என்று கவனியுங்கள். பொது நோக்கத்துக்காக நிலம் எடுக்கும்போது 1960-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்கிறது. தோட்டத்து நிலத்துக்கு உரிமையாளர் கம்பெனி. கம்பெனி தொழிலாளர்களுக்குக் கொடுத்த லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தவருக்கு அந்த வீட்டில் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும். வேலையை இழந்ததற்கு 1980-ஆம் ஆண்டின் பணி முடிவு, ஆட்குறைப்புப் பயன்கள் விதிமுறைகள் ஒரு கணக்குச் சொல்கின்றன. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்திருந்தால் ஓர் ஆண்டுச் சேவைக்கு 20 நாள் சம்பளம். தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் எவ்வளவு என்பது இந்த அவையில் இருக்கும் பலருக்கு வீட்டு அனுபவத்திலேயே தெரியும். முப்பது வருடம் பால் வெட்டியவரின் கையில் வந்தது ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டப் போதுமா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். லயத்து வீட்டுக்குப் பின்னால் வைத்த முருங்கை, கறிவேப்பிலை, கட்டியிருந்த பசு, கோயில் திடல், ஆயக்கொட்டகை, பிள்ளைகள் நடந்துபோன பள்ளிக்கூடம், இவையெல்லாம் எந்தப் படிவத்திலும் ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

பிராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டத்து மக்கள், சுமார் 400 குடும்பங்கள், 1990-களின் பிற்பகுதியில் இடம்மாற்றப்பட்டார்கள். எங்கே? புத்ராஜெயாவுக்குள் எங்கேயும் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம், இந்த டெங்கிலில், தாமான் பெர்மாத்தாவின் அடுக்குமாடி வீடுகளுக்கு. தரையில் வரிசை வீடு கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பிக் கிளம்பியவர்கள் அவர்கள். கிடைத்தது மலிவு விலை அடுக்குமாடி. சில ஆண்டுகளிலேயே சுவர்களில் விரிசல், தரை இறங்குதல், பாதுகாப்புக் குறித்த அச்சம். அதன்பின் மனு, பேரணி, பத்திரிகைச் செய்தி, தேர்தல் வாக்குறுதி என்று கால் நூற்றாண்டு ஓடியது. மலேசிய சோசலிசக் கட்சியின் அருட்செல்வன் போன்றவர்கள் அந்த மக்களோடு நீண்ட காலம் நின்றிருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் போராட்டத்தைத் தாங்கிப் பிடித்தவர்கள் வேலை முடிந்து வந்து கூட்டம் கூடிய அந்தக் குடியிருப்பு மக்களே, குறிப்பாகப் பெண்கள்.

ஆக நமக்கு இரண்டு தீவுகள் இருக்கின்றன. ஒன்று சிலாங்கூருக்குள் புத்ராஜெயா. அதற்கு நாடாளுமன்றச் சட்டம் உண்டு, அளந்த எல்லை உண்டு, நிர்வாகக் கழகம் உண்டு, வரவுசெலவில் ஒதுக்கீடு உண்டு. இன்னொன்று டெங்கிலுக்குள் தாமான் பெர்மாத்தா. அந்த மக்கள் விட்டுவந்த இடம் இன்று கூட்டரசுப் பிரதேசம், அவர்கள் இருக்கும் இடம் மாநிலத்து நிலம். அவர்கள் வாழ்க்கையைப் பாதித்த முடிவை எடுத்தது ஓர் அரசாங்கம், அவர்கள் மனுவோடு போய் நிற்க வேண்டியது இன்னோர் அரசாங்கத்தின் நில அலுவலகத்தில், மாடிப்படி விளக்குக்கும் சாக்கடைக்கும் கேட்க வேண்டியது சிப்பாங் நகராட்சிக் கழகத்தை. மூன்று வாசல். ஒவ்வொரு வாசலிலும் 'இது எங்கள் பொறுப்பில் வராது' என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் நம்மவர்கள் கோயில் நிலத்துக்கும் பள்ளி நிலத்துக்கும் அலைந்த கதைகளில் பாதி இந்த மூன்று வாசல் கதைதான்.

இரண்டு அரசாங்கமும் ஒரே கூட்டணியின் கையில் இருந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. தாமான் பெர்மாத்தாவின் வரலாறு அதை ஏற்கவில்லை. மக்கள் இடம்மாறிய காலத்திலிருந்து 2008 வரை கூட்டரசிலும் சிலாங்கூர் மாநிலத்திலும் ஒரே கூட்டணிதான் ஆண்டது, அப்போதும் வீடு வரவில்லை. 2008-க்குப் பிறகு இரண்டு இடத்திலும் எதிரெதிர் அணிகள், அப்போதும் வரவில்லை. 2018-இல் இரண்டு அரசாங்கமும் ஒரே கூட்டணியின் கைக்கு வந்தன, பிறகு பிரிந்தன. அரசாங்கங்கள் மாறி மாறி வந்தபோதெல்லாம் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. அந்த 400 குடும்பங்களுக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில், சட்டத்தில், எங்கேயும் சொல்லப்படவில்லை. நான் இன்று வலியுறுத்த வந்தது இதைத்தான்: ஒரு நிலத்தை வேறு அதிகாரத்தின் கீழ் கொண்டுபோகும்போது, அங்கே இருந்த மக்களை எங்கே வைத்தாலும், அவர்கள்மீதான பொறுப்பு நிலத்தை எடுத்தவரிடமே இருக்க வேண்டும். அது எல்லையோடு நின்றுவிடக் கூடாது.

நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல, இதே டெங்கிலிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. புக்கிட் தம்போயில் தெமுவான் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். 1995-இல் விமான நிலையத்துக்குப் போகும் நீலாய்-பந்திங் நெடுஞ்சாலைக்காக அவர்களுடைய நிலத்தில் 38 ஏக்கருக்கு மேல் எடுத்தார்கள். வீட்டுக்கும் பயிருக்கும் பழ மரத்துக்கும் பணம் கொடுத்தார்கள், நிலத்துக்குக் கொடுக்கவில்லை. பட்டா இல்லாதவனுக்கு நிலத்துக்கு என்ன இழப்பீடு என்பது அரசு வாதம். சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். மாநில அரசு, நெடுஞ்சாலை கட்டிய நிறுவனம், நெடுஞ்சாலை வாரியம், கூட்டரசு அரசாங்கம் என்று நான்கு பேரையும் எதிர்வாதிகளாக ஒரே வழக்கில் நிறுத்தினார்கள். எனக்கு அந்த வழக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். யார் வாசல் என்று அலையாமல், நான்கு பேரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். 2002 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் வழிவழியாக வாழ்ந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்றது. 2005 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம். பூர்வகுடிகள் விஷயத்தில் அரசுக்கு ஓர் அறங்காவலரின் கடமை உண்டு என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் அழுத்தமாக வருகிறது. அரசாங்கத் தரப்பு மேலும் முறையிட்டது. சிலாங்கூரில் ஆட்சி மாறியபின் மாநில அரசு தன் முறையீட்டை மீட்டுக்கொண்டது. 2010-இல் 65 லட்சம் ரிங்கிட் இழப்பீட்டோடு வழக்கு முடிந்தது.

தெமுவான் மக்களின் உரிமை மண்ணின் மூத்த குடிகள் என்ற அடிப்படையில் வந்தது. தோட்டத்துத் தமிழர் அதே உரிமையைக் கோர முடியாது, கோரவும் கூடாது. அது அவர்களுடைய தனி உரிமை. ஆனால் ஒரு பாடம் நமக்கும் பொருந்தும். கையில் காகிதம் இல்லாத மக்களுக்கும் நிலத்தோடு உறவு உண்டு, அந்த உறவுக்கு விலை உண்டு என்று இந்நாட்டு நீதிமன்றம் டெங்கில் மண்ணை வைத்தே சொல்லியிருக்கிறது.

உலகத்தில் இதைவிடச் சிக்கலான எல்லைகளும் தீர்க்கப்பட்டிருக்கின்றன. இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே கூச் பெகார் பக்கத்தில் 'சிட்மகல்' என்ற துண்டு நிலங்கள் இருந்தன. வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள். அவற்றில் ஒன்று, தாஹாலா காக்ராபாரி, வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டுக்குள் இருந்த வங்கதேசத் துண்டுக்குள் இருந்த இந்தியத் துண்டு! அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தங்கள் நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேறு நாட்டைக் கடக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வெளியூர்க்காரர் ஒருவரைத் தகப்பன் என்று எழுதிக்கொடுத்தவர்கள் உண்டு. 1974-இல் ஒப்பந்தம் போட்டும் 41 ஆண்டு இழுத்தது. கடைசியில் 2015 ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறின. அதற்கு முன் இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து வீடுவீடாகப் போய், 51,000-க்கும் மேற்பட்ட மக்களைப் பெயரோடு பதிவு செய்தார்கள். எந்த நாட்டுக் குடிமகனாக இருக்க விரும்புகிறாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். 979 பேர் இந்தியாவுக்குப் போகிறோம் என்றார்கள். போனவர்களின் பாடு எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கேட்டார்கள், பெயர் எழுதினார்கள், அந்தப் பட்டியல் இரண்டு அரசிடமும் இருந்தது.

நம் முன்னோர் வந்த தமிழகச் சீமையிலும் இப்படிச் சூழப்பட்ட நிலங்கள் புதிதில்லை. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சுற்றி நாலாபக்கமும் பிரிட்டிஷ் மாவட்டங்கள். 1948 மார்ச்சில்தான் அது இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலுக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கமெல்லாம் இன்று தமிழ்நாடு, அன்று பிரிட்டிஷ் சீமை. ஒரே தஞ்சைச் சமவெளியின் ஏழைகளில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் வந்தார், காரைக்காலில் ஏறியவர் ரெயூனியனுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போனார். இரண்டு துறைக்கும் இடையே நடந்துபோகும் தூரம்தான். பிராங் பெசாரின் லயங்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் சிலவற்றின் பயணமும் அப்படி ஒரு கோட்டின் ஓரத்தில் தொடங்கியிருக்கலாம். எந்தக் கோட்டையும் வரைந்தவர்கள் அவர்களைக் கேட்கவில்லை.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். நான்கு தோட்டத்து மக்களோடு புக்கிட் தம்போய் தோட்டத்து மக்களையும் சேர்த்து, ஐந்து தோட்டத்து முன்னாள் தொழிலாளர்களுக்காக 245 வரிசை வீடுகள் கட்டும் ஹார்மோனி மடானி திட்டத்துக்கு 2024-இல் இங்கே புக்கிட் தம்போயில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தலைமையில் அடிக்கல் விழா நடந்தது. சுமார் 7.5 கோடி ரிங்கிட் திட்டம். வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு இறங்கி வந்தது. கூட்டரசின் பணம் சிலாங்கூருக்குள் வந்து இறங்கியிருக்கிறது என்பதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். கோட்டைத் தாண்டிப் பொறுப்பு வர முடியும் என்பதற்கு இதுவே சான்று. இதை அரசின் கருணை என்று யாரும் பேச வேண்டாம். இது நிலுவை. வாங்கிய மண்ணுக்கான விலையில் செலுத்தாமல் விட்ட பாக்கி, கால் நூற்றாண்டு தாமதமாக வருகிறது. அந்தத் தாமதத்தில் அந்த வீட்டைப் பார்க்காமலே கண் மூடியவர்கள் இருக்கிறார்கள்.

பாக்கி என்று பார்த்தால் கவனமாகக் கணக்குப் பார்க்க வேண்டிய இடங்களும் உண்டு. இடம்மாறியபோது ஒரு குடும்பமாக இருந்தது இன்று மகன் குடும்பம், மகள் குடும்பம் என்று மூன்றாகியிருக்கும். வீட்டுப் பட்டா யார் பெயரில் வருகிறது? கணவன் இறந்துபோன வீட்டில் மனைவியின் பெயர் இருக்கிறதா? தோட்டத்தில் அவளும்தான் பால் வெட்டினாள், ஆனால் பதிவில் குடும்பத் தலைவர் என்று ஆண் பெயர்தான் இருக்கும். புதிய வீட்டுக்குப் போனபின் பழைய அடுக்குமாடி என்ன ஆகும், அதன் நிலம் யாருக்கு? நிலப்பட்டா கையில் வரும்வரை, அதாவது சிப்பாங் நில அலுவலகத்தின் முத்திரையோடு வரும்வரை, நம் சங்கங்களும் வழக்கறிஞர்களும் இந்த விஷயத்தை விட்டுவிடக் கூடாது. சாவி கொடுக்கும் விழாவோடு பத்திரிகைக்காரர்கள் போய்விடுவார்கள்.

புத்ராஜெயாவுக்கும் ஒரு கடமை இருக்கிறது. அந்த நகரத்தில் இன்று தமிழ்ப்பள்ளி இல்லை. அங்கே அரசுப் பணியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் படிக்க வேண்டுமானால் காலையில் எல்லையைக் கடந்து சிலாங்கூருக்குள் வர வேண்டும். முக்கால் நூற்றாண்டு தமிழ் பேசிய தோட்டங்கள் நின்ற மண் அது. ஏரிக்கரையிலும் பூங்காவிலும் எத்தனையோ பெயர்ப் பலகைகள் இருக்கின்றன. பிராங் பெசாரிலிருந்து மரம் உலகத்துக்குப் போன கதையும், அந்த மரத்தை ஒட்டுக் கட்டியவர்கள் யார் என்பதும் அந்த நகரத்துக்குள் தமிழிலும் மலாயிலும் எழுதப்பட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவாக அங்கே போகும்போது படிக்க வேண்டிய பாடம் அது.

எழுத வேண்டுமானால் சான்று வேண்டும். கம்பெனிகள் கைமாறிக் கைமாறித் தோட்டத்து அலுவலகப் பதிவேடுகள் எங்கே போயின என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். சிட்மகலில் அதிகாரிகள் எடுத்த பட்டியலை இங்கே யாரும் எடுக்கவில்லை என்றால் நாம்தான் எடுக்க வேண்டும். செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டின் நகல், ஆட்குறைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, மாரியம்மன் கோயில் திருவிழாவின் வரிப்பணக் கணக்கு நோட்டு, பள்ளிச் சேர்க்கைச் சான்றிதழ், தீமிதி அன்று எடுத்த படம், இவை இன்னும் சில வீடுகளில் தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. வீடு மாறும்போதுதான் பழைய காகிதம் குப்பைக்குப் போகும், அந்த நாள் இப்போது நெருங்கிக்கொண்டிருக்கிறது. இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டு நிதியை இன்னொரு சொற்பொழிவுக்குச் செலவிட வேண்டாம் என்று நிறுவனர் குடும்பத்தாரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஸ்கேனர், இரண்டு இளைஞர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மண்டபத்தில் ஒரு மேசை. ஐந்து தோட்டத்துப் பெரியவர்கள் காகிதத்தைக் கொண்டுவந்தால் அவர்கள் கண்முன்னேயே நகலெடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அவையில் இருக்கும் ஆசிரியர்களில் யாராவது இந்தப் பொறுப்பை ஏற்க முன்வந்தால், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.